செருப்பு எங்கே அண்ணே?

செந்துறை பஸ் ஸ்டாண்டில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. நான் அரசியல்வாதி இல்லை. சினிமாவில் நடித்ததில்லை. சீட்டுக் கம்பெனி நடத்திவிட்டுத் தலைமறைவானவனும் இல்லை. என் புகழுக்குக் காரணம் என் வலது கை. அது எப்போதும் என் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"பாருய்யா... கண்ணு தெரியாத தம்பியை எப்படித் தாங்குறான்! பொறந்தா இப்படி ஒரு அண்ணனுக்குத் தம்பியாப் பொறக்கணும்" என்று டீக்கடையில் காதுபடப் பேசுவார்கள். நான் கேட்காதவன்போல் வடையைப் பிய்ப்பேன். உள்ளுக்குள் ஒரு அடி வளர்ந்திருப்பேன்.

என் தம்பி பிறவியிலேயே அப்படி இல்லை. நாலாங்கிளாஸ் படிக்கும்போது சாயங்காலம் ஆனால் வாசற்படியில் இடறுவான். "கண்ணை எங்கடா வெச்சிருக்கே?" என்று முதுகில் ரெண்டு வைத்தது நான்தான். திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டியபோதுதான் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் பக்கவாட்டில் தெரியாது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகி, அந்தக் குழாயும் சுருங்கும். "சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்கு அம்மா அக்கா மகள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இந்த மாதிரி பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு அதிகமாம். அம்மா அன்றைக்குத் தலைகுனிந்தவள்தான். 2009-ல், அவனுடைய பத்தொன்பதாவது வயதில், பகலா இரவா என்பது மட்டும்தான் தம்பிக்கு மிச்சம்.

அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அதனால் நான் அண்ணன் கம் அப்பா கம் கைத்தடி. அம்மா மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பாள். நான் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவேன். ப்ளஸ் டூ பாஸ் செய்தவன், மூன்று வருஷம் திண்ணையில் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்தான். முந்திரிக்காட்டுப் பக்கம் காற்று வாங்கப் போக வேண்டும் என்றாலும் நான் ஆபீஸ் விட்டு வர வேண்டும்.

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அரியலூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. லீவ் லெட்டரில் 'தம்பியை டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டியிருப்பதால்' என்று ஆரம்பித்தால் மேனேஜர் மேலே படிக்கவே மாட்டார், கையெழுத்துப் போட்டுவிடுவார். ரஜினி படம் ரிலீஸான முதல் நாளும் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

*

2012 ஆரம்பத்தில் ஒருநாள் திருச்சி போகிற பாசஞ்சரில் நாங்கள் இருவரும். சீப்பு, பேனா, ரேஷன் கார்டு கவர் விற்றுக்கொண்டு பார்வையில்லாத ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் குச்சி. நான் தம்பியிடம், "காலை மடக்குடா... அவர் வர்றார்... இந்தப் பக்கம் திரும்பு... தண்ணி குடிக்கிறியா?" என்று வழக்கமான வர்ணனையில் இருந்தேன்.

அவர் நின்றார். "தம்பிக்கும் நம்ம கேஸா?" என்றார்.

"ஆமாங்க" என்றான் தம்பி.

"குச்சி எங்கே?"

"நான் இருக்கேன் சார்" என்றேன் பெருமையாக.

அவர் சிரித்தார். "நல்லது. எத்தனை வயசு வரைக்கும் கூட வர்றதா எழுதிக் குடுத்திருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. சீப்பு விற்கிற ஆள் என்ன கேள்வி கேட்கிறார்! ஆனால் தம்பி அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டான். விருத்தாசலத்தில் தனியாக ரூம் எடுத்துத் தங்கி, ரெண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாராம். பார்வையற்றவர்களுக்கான பயிற்சி மையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவர்தான் சொன்னார். இறங்கும்போது தம்பி ஒரு சீப்பு வாங்கினான். அவன் தலையைச் சீவிவிடுவதும் நான்தான்!

அன்று ராத்திரி தம்பி, "நான் போகணும்ணே" என்றான். அம்மா அழுதாள். "நான் உசுரோட இருக்கறப்பவே எம்புள்ளையை அனுப்பணுமா? ஊர் என்ன பேசும்?" நானும் பலமாக எதிர்த்தேன். அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சம்மதித்தோம்.

எந்த மையம் என்று எழுதவேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று தம்பி கண்டிஷன் போட்டிருக்கிறான். ஆறு மாதம் தங்கிப் படிக்கிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கேட்டில் நுழைந்ததும் பாய்ந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு வாத்தியார், அவருக்கும் பார்வை இல்லை, சத்தத்தை வைத்தே, "சார், கையை விடுங்க" என்றார். "ஒருத்தரை இழுத்துக்கிட்டுப் போனா அவர் மூட்டை மாதிரி. உங்க முழங்கையை அவர் பிடிச்சுக்கிட்டு அரையடி பின்னால வந்தா, உங்க உடம்பு திரும்பறது, படி ஏறறது எல்லாம் அவருக்கே தெரியும்." பத்து வருஷமாக நான் தம்பியை மூட்டை மாதிரி இழுத்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. நீங்களும் ரோட்டில் யாருக்காவது உதவப் போனால், கேட்டுவிட்டு முழங்கையைக் கொடுங்கள்.

குச்சி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நான் ஏதோ கண்டபடி தட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். அதில் கணக்கு இருக்கிறது. தரையிலிருந்து நெஞ்சுக்குழி உயரத்துக்குக் குச்சி. வலது கால் முன்னே போகும்போது குச்சி இடது பக்கம் தொடும். இடது கால் போகும்போது வலது பக்கம். அதாவது அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ, அந்த இடத்தைக் குச்சி ஒரு எட்டு முன்னாடியே விசாரித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக, அமெரிக்காவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1940-களில் உருவாக்கிய முறை அது.

பிரெயிலும் அப்படித்தான். ஆறே புள்ளி, 63 வடிவம். அதற்குள் தமிழ், இங்கிலீஷ், கணக்கு எல்லாம் அடக்கம். ஊசியால் தாளில் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போகிறார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாகி, இடமிருந்து வலமாகப் படிக்கலாம். லூயி பிரெயிலுக்கு மூன்று வயதில் கண் போனது, அப்பாவின் பட்டறையில் தோல் தைக்கும் ஊசி குத்தித்தான். பதினைந்து வயதில், 1824-ல், கிட்டத்தட்ட அதே மாதிரி ஊசியால் எழுத்தைக் கண்டுபிடித்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது. ரேடியோவே கதி என்றிருந்த என் தம்பி, மடியில் ஒரு தடிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து சமையலறை. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிசாகிக்கொண்டே போகும், கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் காய்ந்ததைக் கடுகு சொல்லும். பருப்பு வெந்ததை விசில் சொல்லும். "சாம்பார் கருகினா மூக்கு சொல்லும். ஆனா அதுக்குள்ள லேட்டாயிடும்" என்றான் தம்பி. ரூபாய் நோட்டை அளந்து பார்க்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 100 ரூபாயில் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு முக்கோணம், 500-ல் வட்டம். (2016-க்குப் பிறகு வந்த நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் நீளத்தில் நாலு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். "இதுக்கு மாநாடு போட்டு யோசிச்சாங்களா?" என்று தம்பி இன்றைக்கும் திட்டுகிறான். ஒவ்வொரு நோட்டையும் ஒவ்வொரு மாதிரி மடித்து வைத்துக்கொள்கிறான்.)

வாத்தியார் என் கண்ணையும் துணியால் கட்டினார். "கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க சார்" என்றார். இருபது அடியில் ஒரு தென்னை மரத்தை முத்தமிட்டேன். கட்டை அவிழ்த்ததும் தம்பியைக் கட்டிக்கொண்டு, "உன் கஷ்டம் இன்னிக்குத்தாண்டா புரிஞ்சுது!" என்று கண்கலங்கினேன்.

அவன் கலங்கவில்லை. "ஒண்ணும் புரியலண்ணே. நீ இன்னிக்குக் காலைலதான் குருடானே. நான் ரெண்டு மாசமா பாடம் படிக்கறேன். ரெண்டும் ஒண்ணா?" என்றான்.

*

விசாரித்தபோது இந்தப் பாடத்துக்குப் பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. இந்தியாவில் பார்வையற்றோருக்கு முதல் பள்ளியை 1887-ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற பெண்மணி தொடங்கினார். மூன்றே வருஷத்தில், 1890-ல், நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் ஒரு விடுதி வந்தது. 1950-ல் மத்திய அரசு அதை எடுத்து, வளர்ந்தவர்களுக்கான பயிற்சி மையமாக்கியது. இன்றைய தேசிய நிறுவனத்துக்கு அதுதான் வேர். அதன் மண்டல மையம் சென்னையை ஒட்டி, பூந்தமல்லியில் இருக்கிறது.

1985-ம் வருஷத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கியவர் எஸ்.எம்.ஏ. ஜின்னா. அவருக்கே பார்வை கிடையாது. அதே 1985-ல், கடல் தாண்டி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற சின்ன ஊரில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கியவர் ஜோன் வில்சன். அவருக்கும் பார்வை கிடையாது. அந்த ரஸ்டன் மையத்தில் அரைகுறைப் பார்வை உள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும். இருக்கிற கொஞ்சத்தை நம்பித் தடுமாறக் கூடாது என்பதற்காக. பயிற்சி முடிவதற்குள் நாற்பது பேருக்குச் சமைத்துப் போட வேண்டும். காரில் ஏற்றி, சுற்றிச் சுற்றி, ஊரில் எங்கேயோ இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். தானாகத் திரும்பி வர வேண்டும்.

அதைக் கேள்விப்பட்டதும், "கொலைகாரப் பாவிங்க!" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த மாதம் தம்பி ஊர் திரும்பினான்.

*

2012 டிசம்பர். ஞாபகம் இருக்கும். சென்னை தவிர மற்ற ஊர்களில் கரண்ட் இருந்தால்தான் செய்தி. ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி. "அம்மாவுக்கு பி.பி. மாத்திரை தீந்துடுச்சு. நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றான் தம்பி, குச்சியை விரித்துக்கொண்டே.

"பாத்துப் போய்யா... பாத்துப் போ..." என்றாள் அம்மா. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரிகள் அதிகம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் பறக்கும். கண் தெரிந்தவர்களே குலதெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் குறுக்கே போவோம். "சரி, போய்ட்டு வா" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, அவன் தெருமுனை திரும்பியதும் பின்னாலேயே கிளம்பினேன். அவன் காது ரொம்பக் கூர்மை. அதனால் செருப்பைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டேன். பதினைந்தடி இடைவெளி. மூச்சைக்கூட அடக்கி விட்டேன்.

மெயின் ரோடு வந்தது. டக்கென்று கரண்ட் போனது. கடைகளில் ஜெனரேட்டர் உறுமல். தம்பி ரோட்டோரம் நின்றான். ஒரு லாரி போனது. இன்னொன்று. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்துவிடலாமா? அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றான். ஒரு மோட்டார் சைக்கிளையும் போகவிட்டான். அப்புறம் குச்சியை முன்னால் நீட்டி, ஒரே சீராக, நேர்க்கோட்டில் நடந்து எதிர்ப் பக்கம் ஏறிவிட்டான்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அவசரமாக நானும் ரோட்டைத் தாண்டினேன். இருட்டில் அந்தப் பக்கம் காலை வைத்தேன். தரை இல்லை!

சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம். தொப்பென்று இடுப்பளவு உள்ளே போனேன். முழங்கால் எரிந்தது. கத்தினால் குரல் தெரிந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

குச்சிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. பள்ளத்தின் விளிம்பைக் குச்சி தொட்டது. "யாருங்க? விழுந்துட்டீங்களா? அடி பட்டிருக்கா?"

நான் பேசவில்லை.

"பயப்படாதீங்க. கையைக் குடுங்க" என்று குனிந்து கையை நீட்டினான்.

வேறு வழி? கொடுத்தேன். பலமாக இழுத்து மேலே தூக்கினான். அப்புறம் கையை விடாமல் ஒரு நிமிஷம் நின்றான். பத்து வருஷம் அவன் மணிக்கட்டைப் பிடித்த கை அல்லவா? என் வலது கட்டைவிரலில் ஒரு பழைய தழும்பு உண்டு. அவன் விரல் அதன்மேல் போய் நின்றது. பிறகு அவன் குச்சி மெதுவாக இறங்கி என் வெறுங்காலைத் தொட்டது.

"செருப்பு எங்கே அண்ணே?" என்றான்.

"அது... சும்மா... காத்து வாங்கலாம்னு..."

"இங்க பள்ளம் இருக்கறது போகும்போதே குச்சி சொல்லிச்சு. உன்கிட்டதான் குச்சி இல்லியே" என்று தன் முழங்கையை நீட்டினான். "புடிச்சுக்க. மெடிக்கல் ஷாப்ல மருந்து போட்டுக்கலாம்."

அம்மாவுக்கு மாத்திரை, எனக்குப் பஞ்சும் டிஞ்சரும். நோட்டைத் தடவிப் பார்த்து அவனே காசு கொடுத்தான். திரும்பும்போது டீக்கடையில், "அடடே, தம்பி அண்ணனைக் கூட்டிட்டு வர்றாப்லய்யா!" என்று ஒரு குரல். பத்து வருஷப் புகழ் அந்த ராத்திரியோடு குளோஸ்.

*

இதை நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். அது இல்லை என்று எனக்கே தெரியும்.

அவன் சட்டைப் பட்டன் அவனே போட்டுக்கொள்கிறான். மீனில் முள் அவனே எடுக்கிறான். தனியாக அரியலூர் போய்வருகிறான். ('உங்க தம்பியைப் பஸ்ல பார்த்தேனே, நல்லா இருக்காரே!' என்று மேனேஜர் சொன்ன நாளோடு என் லீவ் லெட்டருக்கும் சங்கு.) வயது முப்பது ஆகிறது, ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், 'தம்பியை யார் பார்த்துப்பா?' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இனி என்ன சொல்வது?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று அவன் பின்னால் செருப்பில்லாமல் போனேனே, அவன் விழுந்துவிடுவானோ என்ற பயம் பாதி. விழாமல் போய்விடுவானோ என்ற பயம் மீதி. அவனுக்கு நான் தேவைப்பட்டதைவிட, அவனுக்கு நான் தேவை என்பது எனக்கு அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது. திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்த மூன்று வருஷத்துக்குக் கண் மட்டும் காரணம் இல்லை. என் கையும் காரணம். ஒருநாள் இதை அவனிடமே சொன்னேன். "தெரியும்ணே" என்றான். அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்லாதது அவன் பெரிய மனசு.

அந்த மையத்தில் கம்ப்யூட்டரும் கற்றிருந்தான். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்று ஒரு சாஃப்ட்வேர். 2006-ல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் ஆரம்பித்தது. இலவசம். அதை வைத்துக்கொண்டு கரஸ்பாண்டென்ஸில் டிகிரி முடித்தான். பாங்க் பரீட்சைக்கு உட்கார்ந்தான். சொல்வதை எழுத ஒரு ஆள், மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரம், ஒரு சதவிகித இடஒதுக்கீடு, எல்லாம் சட்டப்படி உண்டு. முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். 2015-ல், நூறு சதவிகிதம் பார்வை இல்லாத சென்னைப் பெண் பெனோ ஜெபைன் வெளியுறவுப் பணிக்குத் தேர்வான செய்தியை நான் வாசித்துக் காட்டினேன். அவரும் பாங்கில் ஆபீசராக இருந்தவர்தான். "அவங்க படிச்சிருக்காங்க. நான் இன்னும் கொஞ்சம் படிக்கணும்" என்றான். அடுத்த வருஷம் கிளார்க் வேலை கிடைத்தது. திருச்சியில் போஸ்டிங். தனியாக ரூம்.

(எனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போனபோது, 'தம்பி பாங்க்ல இருக்காராமே' என்று கேட்டுத்தான் பெண் கொடுத்தார்கள்.)

போன மாதம் திருச்சிக்கு ஒரு வேலையாகப் போனவன், சொல்லாமல் அவன் ரூமுக்குப் போனேன். ராத்திரி எட்டு மணி. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள்ளிருந்து கடுகு வெடிக்கிற சத்தமும் ரச வாசனையும் வந்தன. நான் உள்ளே ஒரு அடி வைத்து, ஒரு நாற்காலியை உதைத்து, "அம்மா!" என்றேன்.

"அண்ணனா? வா வா. என்ன, மறுபடியும் பள்ளமா?" என்றது இருட்டு.

"லைட்டைப் போடக்கூடாதாடா?"

"அட, மறந்தே போச்சு. நீ பாக்கறவன்ல!" அவன் சிரித்தான். "கதவுக்கு இடது பக்கம், தோள் உயரத்துல சுவிட்ச் இருக்கு. தடவிப் பாரு, கிடைக்கும்."

தடவினேன். கிடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் மேலண்ணே... அவசரப்படாதே" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வந்து போட்டுவிடவில்லை. நானாகக் கண்டுபிடிக்கும்வரை ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.